மீதி சொன்னவள்

அவளுக்கு எண்களின் மேல் ஆசையும் கிடையாது, பகையும் கிடையாது. முப்பத்தோரு வருஷம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். எண் என்றால் அவளுக்கு இந்த முனையில் வாங்கி அந்த முனையில் கொடுக்கிற சரக்கு, அவ்வளவுதான். ஆறு இலக்கத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, நடுவில் அரை மூச்சு விட்டு, கேட்பவன் செவிடனாக இருந்தாலும் புரிகிற மாதிரி சொல்லுவாள். தெருவில் அவளை எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கடைக்காரர்கூட அவளிடம் விலையைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து நின்று சொல்லுவார்.

எண் பைத்தியம் பிடித்தது அவள் புருஷனுக்கு. அவர் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் பற்சக்கரம் வெட்டுகிறவர். பல்லுக்காரர் என்று பட்டப்பெயர். அதை நம்பி ஒரு தடவை ஒரு பெண்மணி வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "நான் இரும்புக்குத்தான் பல்லு வைப்பேன், உங்களுக்கு வெச்சா தாங்காது" என்று சொல்லி, ஒரு மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்.

அந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. சக்கரம் வெட்டுவதற்கு முன்னால் பல்லின் எண்ணிக்கையை உடைத்துப் பார்த்தாக வேண்டும். அறுபது பல் என்றால் கவலையில்லை. அறுபதை எப்படி வேண்டுமானாலும் பங்கு போடலாம், சக்கரத்தைப் பல் பல்லாகத் திருப்பி நிறுத்துகிற துளைத்தட்டில் அதற்குத் தோதான வரிசை கிடைத்துவிடும். அறுபத்தொன்று என்று எவனாவது வரைபடத்தில் எழுதிக்கொண்டு வந்தால் போச்சு. ஒன்றைத் தவிர, தன்னைத் தவிர, வேறு எதனாலும் வகுபடாத எண் அது. பகா எண். அதற்குத் தட்டில் துளை இருக்காது. கியர்களைக் கழற்றி மாட்டி, சுற்றி வளைத்து, அரை நாளைத் தொலைத்துத்தான் வெட்ட வேண்டும். இருபத்தாறு வருஷம் இப்படிப் பகா எண்களோடு மல்லுக்கு நின்றவருக்குக் கடைசியில் எந்த எண்ணைப் பார்த்தாலும் உடைத்துப் பார்க்காமல் கை சும்மா இருக்காது என்று ஆகிவிட்டது. பேருந்து எண், வீட்டு எண், மருந்துச் சீட்டு எண், எதுவும் தப்பவில்லை.

மனிதர்களையும் அவர் விடவில்லை. ஒரு எண்ணை வகுக்கிற சிறிய எண்களையெல்லாம் கூட்டினால் அந்த எண்ணைவிட அதிகமாக வந்தால் அது மிகையெண்; குறைவாக வந்தால் குறைவெண்; சரியாக அதே எண் வந்தால் நிறைவெண். இது கணக்குப் புத்தகத்தில் இருப்பது. அவர் இதைச் சொந்தக்காரர்களுக்கு மாட்டினார். "உங்க அண்ணன் மிகையெண். உள்ள இருக்கறதவிட சத்தம் ஜாஸ்தி" என்பார். தன் தம்பியைக் குறைவெண் என்பார், அதற்கு விளக்கம்கூடக் கொடுக்க மாட்டார். கல்யாணமான புதிதில் அவளைப் பார்த்து, "நீ இருபத்தெட்டு" என்றார். அவள் வயதைத்தான் சொல்லுகிறார் என்று நினைத்து, "எனக்கு இருபத்தி மூணுதாங்க" என்று பதறினாள். நிறைவெண்கள் அரிது, ஆறுக்கு அடுத்து இருபத்தெட்டுதான் என்று அவர் விளக்கியபோது அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. வேறு எவளுக்கும் இப்படி ஒரு கொஞ்சல் கிடைத்திருக்காது.

அவருக்கு உடைபடாத எண் ஒன்று இருந்தது. அவர் நின்று வேலை பார்த்த இயந்திரத்தின் அடிப்பாகத்தில் அடித்திருந்த பன்னிரண்டு இலக்க எண்: 900358960883. தொண்ணூறாயிரத்து முப்பத்தைந்து கோடியே சொச்சம். காலையில் வந்ததும் அதைத்தான் பார்ப்பார், போகும்போதும் அதைத்தான் பார்ப்பார். ஒற்றைப்படை. மூன்றால் போகாது, ஏழால் போகாது, பதினொன்றால் போகாது. மூன்றில் முடிவதால் எந்த எண்ணின் வர்க்கமும் இல்லை. நான்கால் வகுத்தால் மூன்று மிஞ்சுவதால் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவும் அதை எழுத முடியாது. இவ்வளவும் அவர் சாப்பாட்டு இடைவேளையில் கண்டுபிடித்தது. அதற்கு மேல் அந்த எண் வாயைத் திறக்கவில்லை.

தொழிற்சாலையை மூடினார்கள். இயந்திரத்தை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் எண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வேலை என்னவென்றால் இதுதான். பத்து லட்சம் வரைக்குமான பகா எண்களை வரிசையாக அச்சடித்த தடிப்புத்தகம் ஒன்று வரைபட அறையிலிருந்து அவர் கைக்கு வந்திருந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பன்னிரண்டு இலக்கத்தை வகுக்க வேண்டும். மீதி வந்தால் அடுத்தது. மீதி வராவிட்டால் எண் உடைந்தது, கதை முடிந்தது. எண்ணின் வர்க்கமூலம் ஒன்பது லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். அதுவரை போய் எதுவுமே வகுக்கவில்லை என்றால் அது பகா எண் என்று சத்தியம் செய்யலாம். மொத்தம் எழுபத்தையாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான வகுத்தல்கள். ஒரு நாளைக்கு இருபது என்று வைத்துக்கொண்டார். அதற்கு மேல் செய்தால் கை தவறும் என்பார்.

மகள் வேறு ஊரில் கணினியோடு உட்கார்ந்து வேலை பார்ப்பவள். "அப்பா, நம்பரச் சொல்லுங்க, கண்ணு சிமிட்டறதுக்குள்ள சொல்லிடறேன்" என்றாள் ஒரு நாள் தொலைபேசியில். அவர் பேசாமல் கருவியை வைத்துவிட்டார். ஆறு மாதம் மகளோடு பேச்சு வார்த்தை இல்லை. மனைவியிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். "இத யார்கிட்டயும் குடுக்கக் கூடாது. மெஷினுக்குத் தெரிஞ்சா அது மெஷினுக்குத் தெரிஞ்சது. எனக்குத் தெரிஞ்சதா ஆகாது."

ஆரம்பத்தில் உடைத்தே தீருவேன் என்று மல்லுக்கட்டியவர், ஐம்பதாயிரம் தாண்டியதும் மெல்ல மாறிப்போனார். இனி அது உடையக் கூடாது என்று ஆசை வந்துவிட்டது. "பாத்தியா, அசைய மாட்டேங்குது" என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமை, பரீட்சையில் தேறிய பிள்ளையைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி. மனிதனுக்குக் கௌரவம் வர எத்தனையோ வழி இருக்க, இவருக்கு இந்த வழிதான் கிடைத்தது. பகா எண் என்று முடிவானதும் ஒரு கணித மாத இதழுக்கு எழுதிப் போடவேண்டும், இரண்டு வரி அச்சில் வந்தால் போதும் என்றார்.

ஏழாவது வருஷத்தில் கண் போக ஆரம்பித்தது. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரிந்தது, ஓரமெல்லாம் அணைந்துவிட்டது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள். சொட்டு மருந்து கொடுத்தார்கள். தாளில் கோடு தாண்டி எழுதத் தொடங்கியபோது பென்சில் அவள் கைக்கு வந்தது. அதன் பிறகு ஜன்னல் ஓரத்து மேஜையில் அவள் வகுப்பாள். எதிரே சாய்வு நாற்காலியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் பகா எண்ணையும் அது எத்தனையாவது என்பதையும் படிப்பாள், வகுத்து முடித்து மீதியை மட்டும் சொல்லுவாள். அவர் "ம்" என்பார். அடுத்தது. நிலையத்தில் பார்த்த வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே சம்பளம் கொடுத்தார்கள், இங்கே "ம்" கொடுத்தார்.

பத்தாவது வருஷம் கண் டாக்டரம்மா அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

"போனது போனதுதாம்மா. திரும்ப வராது. இருக்கற கொஞ்சத்த வேணா ஆபரேஷன் பண்ணிக் காப்பாத்தலாம். முப்பது நாள் டைம். அதுக்கு மேல என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல."

ஆபரேஷன் என்று அவள் சொன்னதுமே அவர் முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார். முடிக்காமல் கத்திக்குக் கிட்டே போக மாட்டாராம். ஆபரேஷனில் ஏதாவது ஆகி மூளை குழம்பிவிட்டால்? மாதக்கணக்கில் படுக்கவைத்துவிட்டால்? "பத்து வருஷம் பண்ணியாச்சு. கடைசி நாலு அடில திரும்பி வரச் சொல்றியா?" அவள் கெஞ்சினாள். சண்டை போட்டாள். இரண்டு நாள் சமைக்காமல் இருந்தாள். அவர் ரொட்டியைத் தண்ணீரில் தொட்டுத் தின்றுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மகள் தொலைபேசியில் அழுதாள். எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அவர்கள் அறுபத்தொன்பதாயிரத்து அறுநூறாவது பகா எண்ணில் இருந்தார்கள். பாக்கி ஐயாயிரத்து இருநூறு. ஒரு நாளைக்கு இருபது என்றால் எட்டரை மாதம். டாக்டரம்மா சொன்னது முப்பது நாள். இந்தக் கணக்குக்குப் புத்தகம் எதுவும் தேவையில்லை.

மகளிடம் எண்ணைச் சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தொலைபேசியைக் கையில்கூட எடுத்தாள். சத்தியம் குறுக்கே வந்து நின்றது. அதைக் காப்பாற்றினாள். காப்பாற்ற வேண்டாததைக் காப்பாற்றுவதில் நமக்கெல்லாம் என்ன கவனம்!

மறுநாள் காலையில், "இனிமே நான் ரெண்டு வேளையும் உக்கார்றேங்க. எனக்கும் கை பழகிடுச்சு. சீக்கிரம் முடிச்சுடுவோம்" என்றாள். அவர் முகம் மலர்ந்துபோனது. அவள் முதல் எண்ணை எழுதினாள். தாளில் பென்சிலை ஓட்டினாள், ஏதோ கோடுகள், வட்டங்கள். கொஞ்ச நேரம் கழித்து மீதி என்று ஒரு எண்ணைச் சொன்னாள். அவர் "ம்" என்றார்.

எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இரண்டாவதைச் சொன்னாள்.

இல்லாத மீதியை எங்கிருந்து கொண்டுவருவது? முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது, சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னால் ஒரே மாதிரி எண்கள் திரும்பத் திரும்ப வரும், அவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் தன்னிடம் இருந்த சரக்கை எடுத்தாள். பழைய சந்தாதாரர்களின் தொலைபேசி எண்கள், எல்லாம் ஆறு இலக்கம். தீயணைப்பு நிலையம், சினிமாக் கொட்டகை, பேருந்து நிலையம், எந்நேரமும் சண்டை போட்டுக்கொண்டே பேசும் அண்ணன் தம்பி இருவரின் வீடுகள். அவற்றை லட்சத்திலும் ஆயிரத்திலும் மாற்றிச் சொன்னாள். ஒரு காலத்தில் ஊரை ஊரோடு இணைத்த எண்கள் எல்லாம் இப்போது புருஷனை ஏமாற்றப் பயன்பட்டன.

ஒரு நாளைக்கு எண்பது. அதற்கு மேல் போனால் சந்தேகம் வரும். எண்பது என்றாலும் அறுபத்தைந்து நாள் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். முப்பது நாள் என்று டாக்டர்கள் ஒரு பயத்துக்குத்தான் சொல்லுவார்கள், கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். அறுபத்தைந்தாவது நாள் மத்தியானம் கடைசி மீதியைச் சொன்னாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, கையால் துழாவிக்கொண்டு வந்து, அவள் தலையில் கையை வைத்தார். "முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுதுங்க" என்றாள். அவர் அழுதார். அவளும் அழுதாள், காரணம்தான் வேறு.

மறுநாளே மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டரம்மா அவர் கண்ணுக்குள் வெளிச்சத்தை அடித்து, "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும், "காலைல கொஞ்சம் தெரிஞ்சுது" என்றே சொன்னார். டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டாள். வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். வேறு எழுத ஒன்றும் இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர்தான் அவளைச் சமாதானப்படுத்தினார். "விடு. என் பிடிவாதம். நீ என்ன பண்ணுவே? நீ ரெண்டு வேளையும் உக்காந்து பாத்தே." அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. அது பிளக்கவில்லை. பேருந்து வந்தது, ஏறினார்கள்.

அவர் சொல்லச் சொல்ல அவள் இதழுக்குக் கடிதம் எழுதினாள். பன்னிரண்டு இலக்கம், பத்து வருஷம், கையால் செய்தது, பகா எண். அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் ஒளித்துவைத்திருக்கலாம். ஆனால் தபால் பெட்டி வரைக்கும் அவரும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். உறை உள்ளே விழுந்த சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். அதற்குப் பிறகு அவள் ஒன்றையே நினைத்துக்கொண்டு நாளைத் தள்ளினாள்: அது பகா எண்ணாகவே இருந்துவிடட்டும். இருக்கக் கூடாதா என்ன? அறுபத்தொன்பதாயிரம் பேர் அசைக்காததை மீதி ஐயாயிரம் பேரா அசைத்துவிடப் போகிறார்கள்? கண்தான் போயிற்று, எண்ணாவது அவருக்கு நிற்கட்டும்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், கடிதம் அவரைப் பார்க்கப்போகிற மாதிரி.

"படி."

அன்புள்ள ஐயா என்று ஆரம்பித்தாள். தங்கள் பொறுமைக்கு எங்கள் வணக்கம் என்று அடுத்த வரி. அதற்கு அடுத்த வரியைக் கண்ணால் படித்துவிட்டு நிறுத்தினாள். நல்ல மனிதர் போலிருக்கிறது எழுதியவர், எங்கேயும் கிண்டல் இல்லை. அந்த எண் பகு எண் என்று எழுதியிருந்தார். இரண்டே பகா எண்களின் பெருக்கல்: 882377, 1020379. ஒன்றையும் சேர்த்து வகுத்திகளைக் கூட்டினால் 1902757 தான் வருகிறது, ஆகவே குறைவெண் வகை. எங்கோ ஒரு வகுத்தலில் கை தவறியிருக்கலாம், வருந்த வேண்டாம் என்று முடித்திருந்தார்.

"என்ன எழுதியிருக்காங்க?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாழ்த்துகள், அடுத்த இதழில் போடுகிறோம் என்று சொன்னால் போதும். அவர் எந்த இதழைப் படிக்கப் போகிறார்? ஆனால் அவளுக்கு அலுத்துவிட்டது. அறுபத்தைந்து நாள் சொன்ன பொய்யின் அலுப்பு எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. இன்னொன்றைத் தூக்கத் தெம்பு இல்லை.

"வகுபடுதாம்" என்றாள்.

"எதால?"

"எட்டு எட்டு ரெண்டு, மூணு ஏழு ஏழு."

"வகு" என்றார்.

அவள் மேஜையில் உட்கார்ந்தாள். பென்சிலைச் சீவினாள். இந்த முறை நிஜமாக வகுத்தாள், ஈவின் ஒவ்வொரு இலக்கத்தையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே. ஒண்ணு. சைபர். ரெண்டு. சைபர். மூணு. ஏழு. கடைசியில் தாளில் 7941393 நின்றது. 882377-ஐ ஒன்பதால் பெருக்கினாள். அதே 7941393 வந்தது. ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டையும் எழுதிவிட்டு அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மீதி?"

"இல்லைங்க."

அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து எதையோ தேடினார். "அது எழுபதாயிரமாவது" என்றார். "அன்னிக்கு நான் ரெண்டு தடவ கேட்டேன். எழுபதாயிரம் ஆச்சேன்னு சந்தோஷத்துல கேட்டேன். மூணு லட்சத்து இருபத்தாறாயிரத்து ஐநூத்திப் பதினெட்டுன்னு சொன்னே. ரெண்டு தடவயும் அதேதான் சொன்னே."

அது பழைய மரக்கடையின் தொலைபேசி எண். அவளுக்கு இப்போதும் ஞாபகம் இருந்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டுச் சொன்னது, கோடும் வட்டமும் கிறுக்கியது, தீயணைப்பு நிலையம், சினிமாக் கொட்டகை. சொல்லும்போது அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நல்லது என்றுகூட நினைத்தாள். அவர் கத்தவில்லை.

"எங்கேர்ந்து ஆரம்பிச்சே?"

"அறுபத்தொன்பதாயிரத்து அறுநூறுலேர்ந்து."

அவர் உதடு அசைந்தது. அந்த அசைவு அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். முப்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிறாள், மனக்கணக்குப் போடும்போது அப்படித்தான் அசையும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் முடித்துவிட்டார்.

"எழுபதாயிரத்துக்கு நானூறுதான் பாக்கி" என்றார். "ஒழுங்கா வகுத்திருந்தா ஒரு நாளைக்கு இருபது. இருபதாவது நாள் உடைஞ்சிருக்கும். நானே எந்திரிச்சு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருப்பேன்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"டாக்டரம்மா முப்பதுதானே சொன்னாங்க?"

"ஆமாங்க."

"அப்போ பத்து நாள் கையில இருந்திருக்கும்" என்றார்.